சும்மா கிடக்கும் நிலமும் சும்மா இருக்கும் மனிதரும்

‘சும்மா இருக்கிறவனுக்கு ஏன் காசு குடுக்க வேணும்?’ புலம்பெயர்ந்த நாடுகளில் இந்தக் கேள்வி எம்மை நோக்கி எத்தனையோ தடவை எறியப்பட்டிருக்கிறது. பஸ்ஸில், வேலையிடத்தில், தேர்தல் காலச் சுவரொட்டிகளில். இப்போது வீடும் வாங்கி வரியும் கட்டும் எம்மவரில் சிலர், நேற்று வந்திறங்கிய சிரியாக்காரனையும் எரித்திரியாக்காரனையும் பார்த்து அதே கேள்வியை, அதே தொனியில், நல்ல டொச்சிலும் பிரெஞ்சிலும் கேட்கிறார்கள். கேள்வி கைமாறுகிறதே தவிர அதற்குள் இருக்கும் தர்க்கத்தை யாரும் பிரித்துப் பார்ப்பதாய்த் தெரியவில்லை.

சும்மா இருப்பதற்குக் காசு வாங்குவது இழிவு என்றால், அந்த இழிவு வாங்குகிற எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். அப்படி இல்லை. சும்மா இருப்பதற்குப் பெருந்தொகை வாங்கியும் எவராலும் சோம்பேறி எனப்படாத ஒரு கூட்டம் உலகில் உண்டு. அதை விளங்கிக்கொள்ள, எங்கள் சொந்தக் கோபங்கள் குறுக்கே வராத தூரத்து இடமொன்றை எடுத்துக்கொள்வது நல்லது. நாம் எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் இருக்கும் சன்பிளவர் என்ற கவுண்டியை. கவுண்டி என்றால் ஏறத்தாழ எங்கள் ஊர்க் கச்சேரிப் பிரிவு மாதிரி ஒரு நிர்வாகப் பிரிவு.

மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் இடைப்பட்ட வண்டல் சமவெளி அது. தட்டையான, கறுத்த, கொழுத்த மண். பருத்திக்கென்றே காடழித்து உண்டாக்கிய பூமி. மக்களில் பெரும்பான்மையினர் கறுப்பர். நிலத்தில் பெரும்பகுதி வெள்ளையர் கையில். அடிமை முறை ஒழிந்த பிறகும் வாரமுறை நிலைத்தது. முதலாளி காணியும் கோவேறு கழுதையும் விதையும் கொடுப்பார், குடும்பம் முழுவதும் உழைக்கும், விளைச்சலில் பாதி முதலாளிக்கு. மீதிப் பாதியிலிருந்து அவருடைய கடையில் வாங்கிய மாவுக்கும் பன்றிக்கொழுப்புக்கும் கடன் கழியும். கணக்குப் புத்தகமும் அவரிடமே இருக்கும். மட்டக்களப்பு வாசகர்களுக்கு இதைக் கூடுதலாக விளக்கத் தேவையில்லை. போடியாரை நினைத்துக்கொண்டால் போதும். 

1929ல் தொடங்கிய பொருளாதார மந்தத்தில் பருத்தி விலை இறாத்தலுக்கு 6 சதம் அளவுக்கு விழுந்தது. 1933ல் ரூஸ்வெல்ட் அரசாங்கம் விவசாயச் சீராக்கச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சந்தையில் பருத்தி மிதமிஞ்சிக் கிடக்கிறது. ஆகவே விளைச்சலைக் குறைக்கிறவருக்கு அரசு காசு கொடுக்கும் என்பது அதன் சாரம். அந்த வருடம் ஏற்கனவே முளைத்து நின்ற பருத்தியில் ஏறக்குறைய 10 மில்லியன் ஏக்கரை உழுது புதைத்தார்கள். வரிசையை மிதியாமல் நடக்கப் பழக்கப்பட்ட கோவேறு கழுதைகள் பயிரின்மேல் கால்வைக்க மறுத்தன என்று அக்காலத்தில் எழுதினார்கள். கழுதைக்கு இருந்த தயக்கம் அதிகாரிகளுக்கு இருக்கவில்லை என்று கேலி செய்வது சுலபம். நாம் அப்படிச் செய்யவில்லை. விலை விழுந்து ஒரு நாடே முழுகும்போது அரசு கைகட்டி நிற்க முடியாது. மானியம் கொடுத்தது பிழை என்பதல்ல எமது வாதம். அது யார் கைக்குப் போனது என்பதே விஷயம்.

1934-35 ஒப்பந்தத்தைப் பாருங்கள். தரிசாக விடும் நிலத்துக்கு, அங்கே விளைந்திருக்கக்கூடிய ஒவ்வொரு இறாத்தல் பருத்திக்கும் நான்கரைச் சதம் என்ற கணக்கு. அதில் 4 சதம் நில உடைமையாளருக்கு. வாரத்துக்கு உழும் குடும்பத்துக்கு அரைச் சதம். அந்த அரைச் சதமும் முதலாளியின் கை வழியாகவே வரும். இடையில் கடைக் கடன் இருக்கிறது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். இங்கே உழாமல் விட்டதற்கும் கணக்கு வந்தது. அதிலும் உழுதவனுக்கு உழக்கு மிஞ்சவில்லை.

இன்னும் ஒன்று. நிலத்தில் ஒரு பகுதி தரிசானால் அதில் வேலை செய்த குடும்பம் எதற்கு? ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவு, குடிகளின் எண்ணிக்கையை முதலாளி ‘இயன்றவரை’ குறைக்காமல் வைத்திருக்க வேண்டும் என்றது. சட்டங்களில் ‘இயன்றவரை’ என்ற சொல்லைக் காணும்போதெல்லாம் ஏழைகள் எழுந்து ஓட ஆயத்தமாக வேண்டும். முதலாளிமாருக்கு இயலவில்லை. குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆர்க்கன்சோ மாநிலத்தின் ரைரொன்சா என்ற ஊரில் 1934ல் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாகச் சேர்ந்து தெற்குக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். வாஷிங்டனில் விவசாயத் திணைக்களத்தின் சட்டப் பிரிவில் இருந்த ஜெரோம் பிராங்கும் அவரது சகாக்களும், குடிகளின் எண்ணிக்கையை மட்டுமல்ல, அதே குடிகளையே வைத்திருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவுக்கு விளக்கம் எழுதினார்கள். 1935 பெப்ரவரியில் பிராங்கும் வேறு சிலரும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். விளக்கம் கிழிந்தது. மானியம் தொடர்ந்தது.

சன்பிளவருக்குப் பக்கத்துக் கவுண்டியான பொலிவாரில் அக்காலத்தில் உலகின் மிகப் பெரிய பருத்தித் தோட்டங்களில் ஒன்று இருந்தது. அதன் சொந்தக்காரர் மன்செஸ்ரரின் நூற்பாலைக் கம்பனிக்காரர். அதை நடத்திய ஒஸ்கார் ஜோன்ஸ்ரன் என்பவரே அரசாங்கத்தின் பருத்தித் திட்டத்திலும் உயர் பதவியில் இருந்தார். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குவது என்பதை இதைவிட நேரடியாக எப்படிச் சொல்வது? அமெரிக்க வரிப்பணம் இங்கிலாந்துப் பங்குதாரரிடம் போனபோது, அந்நியர் எங்கள் காசைச் சுரண்டுகிறார்கள் என்று தெற்கில் யாரும் சுவரொட்டி ஒட்டியதாக நாம் அறியோம்.

முப்பது வருடம் தாண்டி 1960களுக்கு வருவோம். மானியக் காசில் டிராக்டர் வந்தது. 1944ல் பக்கத்துக் கோஹோமா கவுண்டியில் பருத்தி பிடுங்கும் இயந்திரம் வெற்றிகரமாக ஓடியது. பின்னர் களைகொல்லி. 1965ம் ஆண்டுச் சட்டம் பருத்தி நிலத்தை மேலும் குறைக்கப் பணம் கொடுத்தது. 1967ல் தோட்டத் தொழிலாளருக்கு முதற் தடவையாகக் குறைந்தபட்சக் கூலி, மணிக்கு 1 டொலர், சட்டமானபோது, களை வெட்டும் ஆட்களை முதலாளிமார் ஒரேயடியாக நிறுத்தினார்கள். நிலம் சும்மா கிடந்தது. மனிதரும் சும்மா இருந்தார்கள். 

அந்தக் கவுண்டியின் டொட்ஸ்வில் என்ற ஊரில் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்டின் தோட்டம் இருந்தது. ஐயாயிரம் ஏக்கருக்கு மேல். அவர் அமெரிக்க செனட்டர். செனட்டின் நீதிக் குழுவுக்கு இருபது வருடங்களுக்கு மேல் தலைவர். விவசாயக் குழுவிலும் உறுப்பினர். கறுப்பரின் வாக்குரிமைக்கு எதிராக நின்றவர்களில் முதல் வரிசைக்காரர். 1967ல் அவரது தோட்டத்துக்குக் கிடைத்த விவசாய மானியம் ஒன்றரை இலட்சம் டொலருக்கு மேல். மாதக் கணக்கில் 12,000 டொலரைத் தாண்டும். அதே காலத்தில் அதே மிசிசிப்பியில் உதவிப் பணத்தில் வாழும் ஒரு பிள்ளைக்கு மாதம் 9 டொலர் அளவில்தான் கிடைத்தது. அன்றைய உணவு முத்திரைத் திட்டத்தில் முத்திரையைக் காசு கொடுத்தே வாங்க வேண்டும், தலைக்கு மாதம் 2 டொலராவது. வேலையே இல்லாத வீட்டில் இரண்டு டொலர் எங்கிருந்து வரும் என்று திட்டம் வகுத்தவர்கள் யோசிக்கவில்லை. 1967 ஏப்ரலில் ரொபேர்ட் கென்னடி உட்படச் சில செனட்டர்கள் அந்தச் சமவெளிக்கு வந்து, வயிறு ஊதிய பிள்ளைகளைக் குடிசைகளில் பார்த்துத் திகைத்தார்கள்.

இந்த இரண்டு கொடுப்பனவுகளையும் பக்கத்தில் வைத்தால் எமது கேள்வி கூர்மையாகிறது. ஈஸ்ட்லண்ட் வாங்கியது எதற்கான காசு? உழைப்புக்கான கூலி அல்ல. நிலத்தில் ஒரு பகுதியை விதைக்காமல் விட்டதற்கும், விலை விழுந்ததற்கும் ஈடாகக் கொடுத்த காசு. ‘நீ சம்பாதித்திருக்கக்கூடியதைச் சம்பாதிக்க வேண்டாமென்று நாம் கேட்கிறோம், ஆகவே ஈடு தருகிறோம்’ என்கிறது அரசு. இது ஒரு நியாயமான தர்க்கந்தான். ஆனால் இதே தர்க்கம் களை வெட்டிய பெண்ணுக்கும் பொருந்தும் அல்லவா? அவளும் சம்பாதித்திருக்கக்கூடியதைச் சம்பாதிக்க முடியாமற் போனவள். அவளுடைய கூலி நின்றதும் அதே திட்டத்தால், அதே தரிசு நிலத்தில். அவள் இழந்ததற்குக் காகிதம் இல்லை என்பதே வித்தியாசம். காணிக்கு உறுதி உண்டு, அளவு உண்டு, முன்னைய வருடங்களின் விளைச்சற் பதிவு உண்டு. முதுகெலும்புக்கு அப்படி ஒரு பதிவும் இல்லை. ஆகவே அவருக்குக் கிடைத்தது ‘ஈடு’, அவளுக்குக் கிடைத்தது ‘தர்மம்’. ஈடு வாங்குகிறவரை யாரும் வீட்டுக்கு வந்து சோதிப்பதில்லை. தர்மம் வாங்குகிறவளின் கட்டிலடியில் ஆண்பிள்ளையின் சப்பாத்து இருக்கிறதா என்று பார்க்க அக்கால அமெரிக்காவில் அதிகாரிகள் நள்ளிரவில் கதவு தட்டினார்கள்.

இங்கே எம்மவர் அனுபவம் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 1980களில் மேற்கு ஜேர்மனியில் அரசியல் தஞ்சம் கோரிய எம்மவருக்கு வருடக்கணக்கில் வேலை செய்யத் தடை இருந்தது. கை கால் திடமான இருபது வயதுப் பொடியன்கள் முகாமில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்; சட்டம் அப்படி. அவர்களுக்குக் கொடுத்த சோசல் காசு உண்மையில் வேலையைத் தடுத்ததற்கான ஈடு. ஆனால் அதற்குப் பெயர் உதவி. அதே காலத்தில், 1988ல், ஐரோப்பியச் சமூகம் தானிய நிலத்தைத் தரிசாக விடும் கமக்காரருக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. 1992ம் ஆண்டுச் சீர்திருத்தத்தோடு பெரிய பண்ணைகள் 15 வீத நிலத்தை ஒதுக்கினால்தான் மானியம் என்று விதியே வந்தது. ஒரே கிராமத்தில் வேலை செய்ய வேண்டாமென்று காசு வாங்கும் இரண்டு பேர்: ஒருவன் அகதி, மற்றவர் கமக்காரர். ஒருவன் நாட்டுக்குப் பாரம், மற்றவர் நாட்டின் முதுகெலும்பு. நிலம் ஓய்வெடுத்தால் அது கொள்கை. மனிதன் ஓய்வெடுத்தால், அதுவும் கட்டாயத்தின் பேரில் என்றாலும், அது குணக்கேடு.

மறுவாதத்தையும் கேட்போம். கமக்காரன் உணவு தருகிறான்; மழையும் விலையும் அவன் கையில் இல்லை; அவன் அழிந்தால் எல்லோரும் பட்டினி என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. சிறிய கமக்காரனுக்கு அது முழு உண்மை. ஆனால் ஏக்கருக்கு இவ்வளவு, இறாத்தலுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் காசு, ஆபத்து அதிகமானவனுக்கு அதிகமாகப் போவதில்லை. நிலம் அதிகமானவனுக்குப் போகிறது. 1970ல் ஒருவருக்கு ஒரு பயிருக்கு 55,000 டொலர் என்று உச்சவரம்பு வைத்தார்கள். உடனே தோட்டங்கள் மனைவி, மைத்துனர், கம்பனி, கூட்டுக் கம்பனி என்று தாளில் பிரிந்தன. கிளைகிளையாகப் பிரியும் அந்த ஏற்பாட்டுக்கு ‘மிசிசிப்பி நத்தார் மரம்’ என்றே பின்னர் பெயர் வைத்தார்கள். (எங்கள் ஊரிலும் காணி உச்சவரம்புச் சட்டம் வந்த 1972ல் கைக்குழந்தைகளின் பேரிலும் உறுதி எழுதப்பட்டது. மனித புத்தி எங்கும் ஒன்றுதான்.) 1996ம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. நிலத்தில் என்ன விதைத்தாலும், ஒன்றுமே விதைக்காவிட்டாலும், பழைய பதிவின்படி காசு. 2006ல் வாஷிங்டன் போஸ்ட் கணக்குப் பார்த்தபோது, 2000ம் ஆண்டிலிருந்து விவசாயமே செய்யாதவர்களுக்கு 1.3 பில்லியன் டொலர் போயிருந்தது. டெக்சாசில் முன்னாள் நெல் வயலில் வீடு கட்டிப் புல் வெட்டிக்கொண்டிருந்தவர்களுக்கும் காசு. 2014ல்தான் அந்த நேரடிக் கொடுப்பனவு நின்றது. அதன் இடத்தில் பயிர்க் காப்புறுதி மானியமும் விலை ஈடும் பெருத்தன.

சன்பிளவருக்குத் திரும்புவோம். அங்கே ரூல்வில் என்ற ஊரில் ஒரு பெண் இருந்தார். ஃபனி லூ ஹேமர். 1917ல் இருபது பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்து, ஆறு வயதில் பருத்தி பிடுங்கத் தொடங்கியவர். அவருடைய தகப்பன் ஒரு காலத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கழுதைகளும் மாடும் வாங்கியபோது, யாரோ ஒரு வெள்ளையன் தீவனத்தில் நஞ்சு கலந்து அவற்றைக் கொன்றான் என்று பின்னாளில் அவர் சொன்னார். 1962 ஓகஸ்ட் 31ம் திகதி வாக்காளராகப் பதிய அவர் இந்தியனோலா கச்சேரிக்குப் போனார். பதினெட்டு வருடம் வேலை செய்த தோட்டத்திலிருந்து அன்றிரவே வெளியேற வேண்டியிருந்தது. முதலாளி சொன்னதும் போனார், அவ்வளவுதான். பதினெட்டு வருடம் ஒரு மண்ணில் கிடந்தவருக்கு அந்த மண்ணில் ஓர் இரவு தங்கவும் உரிமையில்லை. அந்த மண்ணுக்குரிய மானியம் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

வாக்குரிமை கிடைத்த பிறகும் பசி போகவில்லை என்று கண்ட ஹேமர் 1969ல் அதே கவுண்டியில் சுதந்திரப் பண்ணை என்ற கூட்டுறவைத் தொடங்கினார். நன்கொடைக் காசில் முதலில் 40 ஏக்கர், பின்னர் மேலும் சில நூறு. மரக்கறி, சோயா, கொஞ்சம் பருத்தி. ஒரு பன்றி வங்கியும் இருந்தது. சினைப் பன்றி ஒன்று குடும்பத்துக்குக் கொடுக்கப்படும்; குட்டிகள் அவர்களுக்கு, தாய் மீண்டும் வங்கிக்கு. எமக்கு இந்தப் பன்றி வங்கி மிகவும் பிடித்திருக்கிறது. இங்கே ‘உனக்கு எத்தனை ஏக்கர்?’ என்ற கேள்வியே இல்லை. பசி இருக்கிறதா, பன்றியைப் பார்க்க ஆள் இருக்கிறதா என்பதே கேள்வி. வாங்குகிறவர் அடுத்தவருக்குக் கொடுப்பவராகவும் ஆகிறார். தர்மமும் இல்லை, ஈடும் இல்லை. ஆனால் அது நிலைக்கவில்லை. வெள்ளம், வறட்சி, கடன், வரி. 1970களின் நடுப்பகுதியில் நிலம் கைவிட்டுப் போயிற்று. ஹேமர் 1977ல் இறந்தார். ஈஸ்ட்லண்டின் தோட்டத்துக்கும் வெள்ளமும் வறட்சியும் வந்தனதான். அவருக்கு அரசு இருந்தது.

கறுப்பர் கமம் செய்தால் அரசு காசு கிடைத்திருக்குமே என்று கேட்கலாம். கடனையும் மானியத்தையும் கவுண்டி மட்டத்தில் தீர்மானித்தவை உள்ளூர்க் குழுக்கள். தெற்கில் அவை வெள்ளை நில உடைமையாளரின் கையில் இருந்தன. விதைப்புக்குக் கேட்ட கடன் அறுவடைக்கு வந்தது, அல்லது வரவேயில்லை. முறைப்பாடு செய்தால், விவசாயத் திணைக்களத்தின் குடியுரிமைப் பிரிவை 1983ல் மூடிவிட்டிருந்தார்கள். 1920ல் ஒன்பது இலட்சத்துக்கு மேலிருந்த கறுப்பு விவசாயிகள் 1997ல் இருபதினாயிரத்துக்கும் குறைவு. 1999ல் பிக்போர்ட் வழக்கில் அரசு இணக்கத்துக்கு வந்து, வென்றவர்களில் பெரும்பாலோருக்குத் தலைக்கு 50,000 டொலர் கொடுத்தது. வெள்ளையரல்லாத விவசாயிகளின் கடனைத் தீர்க்க 2021ல் 4 பில்லியன் டொலர் ஒதுக்கியபோது, வெள்ளை விவசாயிகள் இது இனப்பாகுபாடு என்று வழக்குப் போட்டு நிறுத்தினார்கள். 2022ல் அந்தப் பிரிவே நீக்கப்பட்டது. எண்பது வருடம் ஏக்கர் கணக்கில் போன காசில் நிறம் இருந்ததை எந்த நீதிமன்றமும் இந்த வேகத்தில் காணவில்லை.

அமெரிக்காவைத் திட்டிவிட்டுப் புத்தகத்தை மூடுவது எமக்கு வசதிதான். ஆனால் யாழ்ப்பாணத்துக் கமக்காரன் தலைநிமிர்ந்த காலம் 1970க்கும் 1977க்கும் இடைப்பட்டது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வருவதை அரசு தடுத்தது. மோட்டார் சைக்கிள் வந்தது, கல்வீடு வந்தது. அது கமக்காரனின் தனி உழைப்பு மட்டுமல்ல. கொழும்பிலும் காலியிலும் கூடிய விலை கொடுத்துச் செத்தல் வாங்கியவனின் காசும் அதில் இருந்தது. 1977க்குப் பின் கதவு திறந்ததும் விலை விழுந்தது. அந்த வீழ்ச்சியின் வேதனையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். நல்ல காலத்து இலாபத்தில் வெங்காயம் கிண்டியவருக்கும் தண்ணி கட்டியவருக்கும், காணி வாங்கவே விடப்படாத சாதிகளில் பிறந்தவருக்கும் எவ்வளவு போனது என்பதைப் பற்றி மிகக் கொஞ்சமே எழுதியிருக்கிறோம்.

1990ல் வலிகாமம் வடக்கிலிருந்து சனங்கள் பெயர்க்கப்பட்டார்கள். காணிகள் இராணுவத்தின் கையில் இருபது, இருபத்தைந்து வருடம். பின்னர் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டபோது, உறுதி வைத்திருந்தவர்கள் இலண்டனிலிருந்தும் ரொறொன்ரோவிலிருந்தும் வந்து எல்லைக் கல்லைத் தேடினார்கள். அது அவர்களின் உரிமை. அதில் எமக்கு மறுப்பில்லை. ஆனால் கோணாப்புலத்திலும் மல்லாகத்திலும் முகாம்களில் எஞ்சி இருந்தவர்களில் பலர், திரும்பிப் போகத் தங்களுக்கென்று ஒரு காணியும் இல்லாதவர்கள். பிறர் காணியில் குடியிருந்து, பிறர் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். அவர்களும் அதே ஊரைத்தான் இழந்தார்கள், அதே குண்டுகளுக்குத்தான் ஓடினார்கள். விண்ணப்பப் படிவத்தில் காணி உறுதியின் இலக்கம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதை என்னவென்று நிரப்புவது?